அட்டையும் அளவுகோலும்: ஸ்டார் ட்ரெக் ரசிகர்களின் இரு நூல்கள்

1969 ஜூன் 3 அன்று ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் கடைசி அத்தியாயத்தை என்.பி.சி. ஒளிபரப்பியது. மூன்று பருவங்கள், 79 அத்தியாயங்கள். அத்துடன் தொடர் முடிந்துபோனது. நிறுத்தப்பட்ட ஒரு தொடரின் மீது ரசிகர்களுக்கு இரண்டு வகை ஆசை எழுகிறது. இன்னும் வேண்டும் என்பது ஒன்று. இருப்பதை ஐயமற அறிந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதல் ஆசையின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. தொடரைக் காப்பாற்ற நடந்த கடித இயக்கத்தையும், 1972இல் நியூயார்க்கில் கூடிய முதல் பெரிய ரசிகர் மாநாட்டையும் சொல்லாமல் யாரும் ஸ்டார் ட்ரெக்கைப் பற்றி எழுதுவதில்லை. இரண்டாவது ஆசைக்கு அவ்வளவு புகழ் இல்லை. ஆனால் அந்த ஆசையிலிருந்துதான் இங்கே ஒப்பிட எடுத்துக்கொண்ட இரண்டு நூல்களும் பிறந்தன.

அதிகாரபூர்வமான நூல் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்டீபன் விட்ஃபீல்டும் தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரியும் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் ஸ்டார் ட்ரெக்' 1968இலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் அது படப்பிடிப்புத் தளத்தைப் பற்றிய நூல். தொடர் எப்படி உருவாகிறது என்பதே அதன் முதன்மையான அக்கறை. ரசிகர்கள் கேட்டதோ கதைக்குள் இருக்கும் உலகத்தைப் பற்றிய நூல். எந்தக் கோள் எந்த அத்தியாயத்தில் வந்தது, கப்பலின் எந்தத் தளத்தில் மருத்துவப் பிரிவு இருக்கிறது, ஃபேசர் என்னும் ஆயுதத்தின் பிடி எத்தனை அங்குலம் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் கையேடு அவர்களுக்குத் தேவைப்பட்டது. உரிமை வைத்திருந்தவர்கள் அதை எழுதித் தரவில்லை. ஆகவே அந்த வேலையை வெளியே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்று 'ஸ்டார் ட்ரெக் கன்கார்டன்ஸ்'. தொடரில் வந்த ஆட்கள், இடங்கள், பொருள்கள், உயிரினங்கள் அனைத்தையும் அகரவரிசையில் அடுக்கிய அடைவு நூல் அது. மற்றொன்று ஃபிரான்ஸ் ஜோசப்பின் 'ஸ்டார் ஃப்ளீட் டெக்னிகல் மேனுவல்'. கப்பல்கள், கருவிகள், சீருடைகள், கொடிகள் எல்லாவற்றையும் அளவோடு வரைந்து காட்டிய நூல். ஒன்று சொற்களால் ஆனது; மற்றது கோடுகளால் ஆனது. முன்னது திரையில் வந்ததைத் தொகுக்கிறது. பின்னது திரை காட்டாமல் விட்டதைக் கணக்கிடுகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் போவதாகத்தான் தோன்றும். கையில் எடுத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிடும்போது அந்தத் தோற்றம் மெல்லக் கலைகிறது.

ஆக்கியவர்களிடமிருந்து தொடங்கலாம். அடைவு நூலுக்கு வித்திட்டவர் டோரதி ஜோன்ஸ். தொடரைப் பார்த்துக் குறிப்பட்டைகளில் அவர் எழுதிச் சேர்த்த தகவல்களே நூலின் அடித்தளம். அதைப் பதிப்பித்து 1969இல் ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தவர் பிஜோ டிரிம்பிள். கணவர் ஜானுடன் சேர்ந்து கடித இயக்கத்தை முன்னின்று நடத்தியவரும் இவர்தான். மூன்றாம் பருவத்துக்கான இணைப்பு 1973இல் வந்தது. ஆக, இது தொடரை உள்ளும் புறமும் அறிந்த, அதற்காகப் போராடிய ரசிகர்களின் கைவேலை.

வரைபட நூலின் ஆசிரியர் இதற்கு நேர்மாறானவர். ஃபிரான்ஸ் ஜோசப் ஷ்னாபெல்ட் சான் டியகோவின் விமானத் தொழிலில் பல்லாண்டுகள் வடிவமைப்புப் பணி செய்தவர். ரசிகர் வட்டத்தைச் சேர்ந்தவர் அவருடைய மகள்; தந்தைக்குத் தொடர்மீது தனிப்பட்ட பற்று ஏதும் முன்பு இருந்ததில்லை. மகளுக்கும் அவளுடைய தோழர்களுக்கும் தொடரில் வரும் கருவிகளைப் போலச் செய்து பார்க்க ஆசை. சரியான வரைபடம் இல்லாமல் எதைத்தான் செய்வது? பொறியியல் வரைபடத்திலேயே வாழ்நாளைக் கழித்த மனிதரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 1973இல் தொடங்கிய அந்த வேலை, 1975இல் தொடரின் விண்கப்பலான எண்டர்பிரைஸின் 12 தாள் தளவரைபடமாகவும், அதே ஆண்டு நவம்பரில் டெக்னிகல் மேனுவலாகவும் வெளிவந்தது.

தீவிர ரசிகர்கள் ஒரு நூலும், ரசிகரல்லாதவர் ஒரு நூலும் செய்தால் எது அடக்கமாக இருக்கும்? காதல்கொண்டவர்கள் கற்பனையை அள்ளிச் சேர்ப்பார்கள், வெளியாள் சான்றைத் தாண்டமாட்டார் என்றுதான் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. ரசிகர்கள் செய்த அடைவு திரையில் வந்ததையே முதன்மையாகப் பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் அது எந்த அத்தியாயத்தில் வந்தது என்ற குறி நிற்கிறது. மாறாக, வெளியாளின் நூல்தான் புதிய கப்பல் வகைகளை உருவாக்கியது; மூன்று எந்திரக் கூடுகள் கொண்ட ட்ரெட்நாட் என்னும் பெரும் போர்க்கப்பலை வரைந்தது; ஐக்கிய நாடுகள் சாசனத்தை அடியொற்றி விண்வெளிக் கூட்டமைப்புக்கு ஒரு சாசனத்தையே எழுதித் தந்தது. அந்தச் சாசனப் பக்கங்கள் நூலின் உயிரற்ற பகுதி என்பது என் கணிப்பு. கோடு போடும் கை சட்டம் எழுதும்போது தடுமாறுகிறது. ஆனாலும் கூட்டமைப்பின் உறுப்பினர்களுக்கு உண்மையான விண்மீன்களை முகவரியாகக் கொடுத்த துணிச்சல் பாராட்டத்தக்கது. வல்கன் கோளுக்கு 40 எரிடானி என்ற விண்மீனைத் தொடர் எங்கும் சொன்னதில்லை. ஜேம்ஸ் பிளிஷ் தம் சிறுகதை வடிவங்களில் சொல்லியிருந்ததை ஜோசப் எடுத்து நூலில் நிலைநிறுத்தினார்.

இரு நூல்களின் சான்றுமுறையை நிதானமாகப் பார்க்க வேண்டும். வீட்டில் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் கருவி பரவலாக இல்லாத காலம் அது. ஒரு வசனம் காதைக் கடந்து போனால், மறு ஒளிபரப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு கதாபாத்திரத்தின் பெயரை, ஒரு விண்மீன் மண்டலத்தை, ஒரு ஸ்டார்டேட் எண்ணைப் பிழையில்லாமல் எழுதிச் சேர்ப்பது எவ்வளவு பொறுமையைக் கேட்டிருக்கும்! ஜோசப்பிடம் இருந்தவையும் சிதறல்களே. திரைப்படச் சுருளிலிருந்து வெட்டிய துண்டுகளை ரசிகர்கள் வாங்கிச் சேர்த்துவைத்திருந்தார்கள். அத்தகைய சட்டகங்களிலிருந்து விகிதம் கண்டு, தெரிந்த ஓர் அளவிலிருந்து தெரியாத அளவுகளை அவர் வருவித்தார். ஒருவர் காதால் அட்டை நிரப்பினார். ஒருவர் கண்ணால் அளவு எடுத்தார். முழுத் தொடரையும் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதி இருவருக்குமே கிடைக்கவில்லை.

சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில்தான் இந்த ஒப்பாய்வின் மையம் இருக்கிறது. ஸ்டார் ட்ரெக் முரண்களுக்குப் பஞ்சமில்லாத தொடர். எண்டர்பிரைஸின் கேப்டன் கர்க்கின் பெயர் ஜேம்ஸ் டி. கர்க் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தொடக்ககால அத்தியாயம் ஒன்றில் அவருக்காக எழுப்பப்படும் கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் ஆர். கர்க் என்று பொறித்திருக்கிறது. கப்பலின் அதிகாரி ஸ்பாக்கின் இனம் ஓரிடத்தில் வல்கேனியன், வேறிடத்தில் வல்கன். கப்பல் யாருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டது என்பதற்கே முதல் பருவத்தில் பல பெயர்கள் வருகின்றன. ஸ்டார்ஃப்ளீட் என்ற பெயர் பின்னால்தான் நிலைக்கிறது. வாரம் ஒரு கதை எழுதி முடிக்கும் அவசரத்தில் இவையெல்லாம் நேரக்கூடியவையே.

அடைவு நூலுக்கு இது பெரிய இடரில்லை. முரண்பட்ட இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதி, எது எங்கே வந்தது என்று குறித்துவிட்டால் அதன் கடமை முடிந்தது. தாளில் இரண்டு பெயர்கள் அருகருகே இருந்தால் எதுவும் இடிந்துவிழாது. வரைபடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே இடத்தில் இரண்டு சுவர்களை வரைய முடியாது. கலிலியோ என்னும் சிறுகலம் 24 அடி நீளமுள்ளது என்கிறது வசனம். அதன் உள்ளே ஆட்கள் நிமிர்ந்து நடமாடுகிறார்கள். அந்த உட்புற அரங்கோ வெளிக்கூட்டுக்குள் அடங்காத அளவு பெரியது. அட்டை எழுதுபவர் 24 அடி என்று குறித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போகலாம். வரைபவர் அங்கேயே நின்று முடிவெடுக்க வேண்டும்.

ஜோசப்பின் முடிவுகளில் புகழ்பெற்றது கட்டளைத் தளத்தைப் பற்றியது. கப்பலின் வெளிமாதிரியில், உச்சியிலிருக்கும் கட்டளைத் தளத்தின் நேர்பின்னால், நடுக்கோட்டில் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. மின்தூக்கியின் குழல் அதுவாகத்தான் இருக்க முடியும். உள்ளரங்கிலோ மின்தூக்கியின் கதவு கேப்டனின் நேர்பின்னால் இல்லை; ஒரு பக்கமாக விலகியிருக்கிறது. இரண்டையும் மெய்யென்று ஏற்றால் ஒன்றுதான் செய்ய முடியும். ஜோசப் கட்டளைத் தளம் முழுவதையும் 36 பாகை திருப்பிவைத்தார். விளைவாகக் கர்க் கப்பல் போகும் திசையை நேராகப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்! ரசிகர்கள் இன்றும் இதை வைத்து வாதாடுகிறார்கள். என் பார்வையில், இரு நூல்களிலும் உள்ள முடிவுகளில் மிக அழகானது இதுவே. நம் உரையாசிரியர்கள் வழு என்று ஒதுக்கத்தக்க தொடரைக் காரணம் காட்டி வழுவமைதியாக ஏற்பார்களே, அந்த மனம் இங்கே வேலை செய்கிறது. மூலத்தில் பிழை நேர்ந்திருக்கலாம் என்ற எளிய விடையை எடுத்துக்கொள்ள அவர் மறுக்கிறார். மாதிரியும் உண்மை, அரங்கும் உண்மை. அப்படியானால் கப்பல் எப்படி இருந்தாக வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்.

எதிர்பாராத உறவு இங்கேதான் வெளிப்படுகிறது. அடைவு நூலும் இதே மரியாதையைத்தான் மூலத்துக்குச் செலுத்துகிறது. கல்லறைக் கல்லின் 'ஆர்' எழுத்தைக் கலை இயக்குநர் குழுவின் தவறு என்று விலக்கிவிடாமல், அதற்கும் ஒரு வரி இடம் கொடுக்கிறது. இரு நூல்களும் தொடரை மூடப்பட்ட ஒரு மூலநூலாக நடத்தின. இனி ஓர் அத்தியாயமும் வராது என்று பலரும் நம்பிய காலத்தில்தான் அப்படி நடத்துவது சாத்தியம். ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு அடைவு எழுதினால் அடுத்த வாரமே பழையதாகிவிடும். தளவரைபடம் போட்டால் அடுத்த பருவத்தில் புதிய அரங்கு வந்து அதைக் கெடுத்துவிடும். தொடரைக் கொன்ற அதே முடிவு, அதைப் பிழையற ஆராய்வதற்கான அசையாத நிலத்தையும் கொடுத்துவிட்டது.

ஒரே செய்தி இரு நூல்களிலும் எப்படி இயங்குகிறது என்பதற்கு 430 என்ற எண்ணைப் பார்க்கலாம். எண்டர்பிரைஸில் 430 பேர் இருக்கிறார்கள் என்று தொடரில் வருகிறது. அடைவில் அது ஒரு தகவல். தளவரைபடத்தில் அது 430 பேருக்கான படுக்கை, உணவுக்கூடம், கழிப்பறை. ஏன், பொழுதுபோக்குக்கு ஒரு பந்துருட்டுக் களமும் கூட. திரையில் கழிப்பறையைக் காட்டாத தொடருக்கு ஜோசப் அதை மறக்காமல் கட்டித்தந்தார். அடைவு ஓர் எண்ணைப் பாதுகாத்தது. வரைபடம் அந்த எண்ணுக்கு இருப்பிடம் தந்தது.

குரலில் இரண்டும் வெகுதூரம் விலகுகின்றன. அடைவு நூல் பார்வையாளரின் நாற்காலியிலிருந்து பேசுகிறது. தான் பேசுவது ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றி என்பதை அது ஒருபோதும் மறப்பதில்லை. டெக்னிகல் மேனுவல் கதைக்குள்ளிருந்தே பேசுகிறது. எண்டர்பிரைஸ் கடந்தகாலத்துக்கு வரும் அத்தியாயம் ஒன்றில், ஒமாஹா விமானத் தளத்தின் கணினிக்குள் தற்செயலாகப் பாய்ந்துவிட்ட எதிர்கால ஆவணம் இது என்பதே அதன் முன்னுரை தரும் விளக்கம். கறுப்பு உறையும் சுருக்கமான தலைப்புகளும் அதற்கேற்ப ஒரு படைத்துறைக் கோப்பைப் போலவே அமைந்திருக்கின்றன. 1976இல் வந்த அடைவின் புதிய பதிப்போ முன்னட்டையில் ஒரு சுழலும் சக்கரத்தை வைத்திருந்தது. அதைத் திருப்பினால் வேண்டிய அத்தியாயத்தைத் தேடிக்கொள்ளலாம். ஒன்று படிப்பவரைக் கப்பல் அதிகாரியாக்க முனைகிறது. மற்றது அவரை ஆய்வாளராக நடத்துகிறது.

அந்த 1976ஆம் ஆண்டுப் பதிப்பை வெளியிட்டது பாலன்டைன். ஓராண்டு முன்பு மேனுவலை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். மேனுவல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. தொடர் நின்று ஆறு ஆண்டுகள் கழித்து, கதையே இல்லாத, வரைபடங்கள் மட்டுமே கொண்ட ஒரு நூலுக்கு அந்த இடம் கிடைத்தது சாதாரணமான செய்தியன்று. ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரபூர்வ முத்திரை ஒருவழியாக இரண்டுக்கும் கிடைத்தது. ஆனால் வழக்கமான வரிசை தலைகீழாகிவிட்டது. நூல் முதலில் வெளியே இருந்தவர்களின் கையால் பிறந்தது. உரிமம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

முத்திரை இரண்டிடமும் ஒரேபோல் நிலைக்கவில்லை. 1979இல் வந்த முதல் திரைப்படத்தில், பின்னணியில் ஒலிக்கும் கப்பல் தொடர்புப் பேச்சுகளில், ஜோசப் பெயரிட்ட ரெவர், என்டென்ட் முதலிய கப்பல்கள் அவர் கொடுத்த பதிவெண்களோடு வருகின்றன. மகளுக்காக வரையத் தொடங்கியவரின் கற்பனை திரைக்கே போய்ச்சேர்ந்தது. அதே ஆண்டில் அவருடைய கப்பல்களை அடிப்படையாகக் கொண்ட 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்' என்னும் பலகை விளையாட்டும் தொடங்கியது. ஆனால் 1980களின் பிற்பகுதியில், நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்னும் புதிய தொடர் வந்த பிறகு, ரோடன்பெரி தரப்பு மேனுவலை ஏற்க மறுத்தது. எந்திரக் கூடுகள் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் இருக்க வேண்டும் என்ற விதி எழுந்தது; மூன்று கூடுகள் கொண்ட ட்ரெட்நாட் அதனாலேயே விலக்கப்பட்டது. கப்பல்களின் பதிவெண்களிலும் இதே நிலை. ஜோசப் 1700இலிருந்து பெரும்பாலும் வரிசையாக எண் கொடுத்துப் போனார். எக்ஸிடர் கப்பலுக்கு 1706 வந்தது. மாதிரி வடிவமைப்பாளர் கிரெக் ஜீன் 1975இல் எழுதிய ரசிக இதழ்க் கட்டுரையில், ஓர் அத்தியாயத்தின் சுவர்ப்பலகையில் தெரிந்த எண்களைக் கப்பல்களுக்குப் பங்கிட்டார். எக்ஸிடருக்கு 1672 கிடைத்தது. பின்னாளின் அதிகாரபூர்வ நூல்கள் ஜீனின் பட்டியலையே தழுவின. ஓர் ஊகத்தை விலக்கி இன்னோர் ஊகத்தை அரியணையேற்றினார்கள். இரண்டும் ரசிக உலகிலிருந்து வந்தவையே.

அடைவு நூலை இப்படி யாரும் தள்ளிவைக்க வேண்டிவரவில்லை. தன் சொந்தச் சரக்கை அது பெரிதாகச் சேர்க்காததால், மறுப்பதற்கும் அதிகம் இருக்கவில்லை. அதற்கு நேர்ந்தது வேறு: அதைவிடப் பெரிய நூல் ஒன்று வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மைக்கேல் ஒகுடா, டெனிஸ் ஒகுடா, டெபி மிரெக் மூவரின் 'ஸ்டார் ட்ரெக் என்சைக்ளோபீடியா' 1994இல் வெளிவந்தது. அகரவரிசை, ஒவ்வொரு பதிவின் இறுதியிலும் அத்தியாயக் குறிப்பு என்ற அதன் அமைப்பைப் பார்க்கும்போது டோரதி ஜோன்ஸின் அட்டைகள் நினைவுக்கு வருகின்றன. அதற்கு மூன்றாண்டு முன்பு, ரிக் ஸ்டெர்ன்பாக்கும் மைக்கேல் ஒகுடாவும் எழுதிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் டெக்னிகல் மேனுவல்' வந்திருந்தது. அதன் தலைப்பும் போக்கும் யாருடைய வழி என்று சொல்ல வேண்டியதில்லை. மேலும் அந்த நூலின் பக்கங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. முதன்மைப் பகுதி கதைக்குள்ளிருந்து கப்பலை விவரிக்கிறது. இடையே வரும் ஆசிரியர் குறிப்புகள் வெளியே வந்து, படப்பிடிப்பில் இது ஏன் இப்படி ஆயிற்று என்று பார்வையாளரிடம் பேசுகின்றன. 1970களில் தனித்தனியாக நின்ற இரு நூல்களின் குரல்களும் ஒரே தாளில் வந்து சேர்ந்துவிட்டன. உரிமையாளர்கள் கடைசியில் அதிகாரபூர்வக் கையேடுகளை எழுத உட்கார்ந்தபோது, ரசிகர்கள் வகுத்துவைத்த வடிவங்களையே கைக்கொண்டார்கள்.

1994இல் இன்னொரு பொருத்தமும் நிகழ்ந்தது. அந்த ஆண்டுதான் ஃபிரான்ஸ் ஜோசப் மறைந்தார். அதே ஆண்டு மே மாதம் ஒளிபரப்பான நெக்ஸ்ட் ஜெனரேஷனின் இறுதி அத்தியாயத்தில், எதிர்கால எண்டர்பிரைஸ் ஒன்று மூன்று எந்திரக் கூடுகளோடு திரையில் வந்தது.

எது மேல் என்று கேட்டால், கேள்வியைப் பிரித்துத்தான் விடை சொல்ல வேண்டும். ஐயம் தீர்க்கும் நூலாக அடைவு நூலே மேல். அதன் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒத்துப்பார்க்க முடியும். ஐம்பது ஆண்டு கழித்தும் அந்த நேர்மை குலையவில்லை. ஆனால் படித்து முடித்த பின் மூலத்தையே புதிய கண்ணோடு பார்க்கவைக்கும் ஆற்றல் ஜோசப்பின் நூலுக்கு அதிகம். 36 பாகை திரும்பிய அந்தக் கட்டளைத் தளத்தை அறிந்தவர், அதன்பின் கர்க்கின் நாற்காலியைப் பழையபடி பார்க்கவே மாட்டார். ஆராய்ச்சிக்கு முதலாவது, வியப்புக்கு இரண்டாவது என்பது என் தீர்ப்பு. முதன்முறை வருபவர்கள் அடைவில் தொடங்கி வரைபடங்களுக்குப் போவது நல்லது. எது திரையில் இருந்தது, எது ஜோசப்பின் கணக்கில் பிறந்தது என்று பிரித்தறிய அந்த வரிசையே உதவும். இரண்டும் பழைய புத்தகக் கடைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அடைவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்குவோர், அட்டைச் சக்கரம் கிழியாமல் சுழல்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.